மடியில் இருந்த கைகள்

படத்தை முதலில் பார்க்காதீர்கள், இன்ஸ்பெக்டர். இசைத்தட்டை முதலில் கேளுங்கள். இரண்டும் ஒரே கச்சேரிதான், ஒரே அரங்கம்தான். ஆனால் படத்தை முதலில் பார்த்தவர்களுக்குக் காது சோம்பேறியாகிவிடுகிறது. கண் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் கேட்கிறார்கள். முப்பது வருடமாக எல்லோரிடமும் இதைச் சொல்லி வருகிறேன். யாரும் கேட்பதில்லை.

அந்தக் காலத்து ராக் இசை உங்களுக்குப் பழக்கமில்லை என்றீர்கள். பரவாயில்லை. எங்கள் குழுவின் பெயர் சால்ட்மார்ஷ் கிளாக். எசெக்ஸ் கடற்கரையில் மால்டன் எங்கள் ஊர். எங்கள் பாட்டுகள் மூன்று நிமிடத்தில் முடிகிறவை அல்ல. ஒரு பாட்டு, தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். சதுப்பு நிலம், கடல் ஓதம், நின்றுபோன கடிகாரம் என்று உள்ளே ஒரு கதை இருக்கும். நடுநடுவே தாளம் மாறும். "பாட்டு ஆரம்பிச்சதும் வெளிய போய் ரெண்டு பியர் அடிச்சிட்டு வந்தேன், இன்னும் பாட்டுக்காரன் வாயே திறக்கல" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேலி செய்தார். அதை எங்கள் டெரெக் வெட்டி எடுத்துக் குழுவின் வண்டியில் ஒட்டி வைத்திருந்தான். டெரெக் மோஸ், பாடகன், பாஸ் கிதார் வாசிப்பவன், பள்ளியிலிருந்தே என் நண்பன். ஆர்கன் வாசித்தவன் ரூபர்ட் ஃபென்விக். நான் ஒலி அமைப்பாளன். அரங்கின் நடுவில் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, யாருடைய வாசிப்பு எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவன்.

1975 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, நாரிச் நகரத்தில் நாங்கள் செய்த கச்சேரியைத் தட்டாகவும் பதிந்தார்கள், படமாகவும் எடுத்தார்கள். அதில் 'வற்றம்' என்று, கடல் தண்ணீர் பின்வாங்குவதைப் பற்றி இருபத்திரண்டு நிமிடப் பாட்டு ஒன்று. பதினோரு நிமிடம் நாற்பது வினாடியில், ஒலிநாடாவில் ஓடிக்கொண்டிருக்கும் தேவாலயக் கூட்டுக்குரல் நிற்கும். அங்கே ஆர்கன் தனியாக எடுக்கும். நான்கு நிமிடம் இருபது வினாடி. தட்டில் அதைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. இசைக் கல்லூரிப் பிள்ளைகள் அதை ஸ்வரம் ஸ்வரமாக எழுதி வைத்துப் பழகுகிறார்கள். ரூபர்ட் ஃபென்விக் என்றால் அந்த நான்கு நிமிடம்தான்.

படத்தில் அந்த நான்கு நிமிடமும் பறவைகள். சேற்றில் உள்ளான்கள் குத்திக் குத்தி மேய்கின்றன. வாசிக்கிறவனின் கை ஒரு முறைகூடத் தெரியாது. ரசிகர்கள் அந்த இயக்குநரை முப்பது வருடம் சபித்தார்கள். பாவம், அவர் மேல் தவறில்லை. பறவைகளைப் போடச் சொன்னது நான்.

சென்ற மாதம் ஜோனா கார்பெட் என்ற பெண் என் வீட்டுக்கு வந்தார். தட்டையும் படத்தையும் ஒரே பெட்டியில் மறுபடி வெளியிடுகிறார்கள். கூடவே போகும் சிறு புத்தகத்தை எழுதுகிறவர் அவர். இயக்குநர் இறந்தபின் அவர் வீட்டுக் கொட்டகையில் வெட்டப்படாத படச்சுருள்கள் கிடைத்திருக்கின்றன. தன் கணினியை என் சாப்பாட்டு மேசைமேல் திறந்து வைத்தார்.

"மிஸ்டர் தாக்ரே, இதப் பாருங்க. பறவை இல்லாத பிரதி."

பார்த்தேன். கூட்டுக்குரல் நிற்கிறது. ரூபர்ட் தலையிலிருந்து ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றுகிறான். அதை ஆர்கன்மேல் வைக்கிறான். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்கிறான். கேமரா நெருங்கிப் போகிறது. கைகள் மடியிலேயே இருக்கின்றன.

"அவர் வாசிக்கவே இல்ல," என்றார் ஜோனா. "அப்போ தட்டுல கேக்கறது யாரு வாசிச்சது? நான் டெரெக்கக் கேட்டேன். நாரிச்சுல பதிவு கெட்டுப்போச்சு, ஷெஃபீல்டு கச்சேரியில ரூபர்ட் வாசிச்சத எடுத்து ஒட்டினோம்னு சொன்னார். நாடாப் பெட்டியிலயும் ஷெஃபீல்டுன்னு உங்க கையெழுத்துல இருக்கு. அப்படியே எழுதிடலாம்தானே?"

தலையசைத்திருந்தால் போதும். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். நானும் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். என்னை யாரும் பிடிக்கவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன்.

"இல்லை" என்றேன். "அது ஷெஃபீல்டு இல்ல. ரூபர்ட்டும் இல்ல."

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். அந்தக் குழுவை ஆரம்பித்தது நானும் டெரெக்கும். ஆர்கன் வாசித்தது நான். மெதடிஸ்ட் சபையில் பதினான்கு வயதிலிருந்து வாசித்தவன். 1971இல் சிப்பி அடைக்கும் பழைய கொட்டகை ஒன்றில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது டெரெக் ஒருவனை அழைத்து வந்தான். பத்தொன்பது வயது. லண்டன் இசைக் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஒல்லியான கழுத்து, கம்பளிச் சட்டையில் முழங்கை கிழிந்திருந்தது. என் அருகில் வந்து, "நான் கொஞ்சம் உக்காந்து பாக்கட்டுமா?" என்று கேட்டான். கேட்காமல் உட்கார்ந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஆறு மாதமாக ஒரு திருப்பத்தை நான் பிடிக்க முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன். அவன் அதை முதல் தடவையிலேயே வாசித்தான். வாசித்துவிட்டு, "இங்க இப்படித்தான நீ போக நினச்ச?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். டெரெக் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து டெரெக் என்னை மதுக்கடைக்குக் கூட்டிப் போய், தோளில் கைவைத்துச் சொன்னான்.

"நெவ், உனக்குக் காது இருக்கு. அவனுக்குக் கை இருக்கு. ரெண்டும் சேந்தா நம்ம எங்கயோ போயிடலாம்டா."

எனக்கும் அது சரியென்றே பட்டது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். மறுநாளே என் ஆர்கனை அவன் உயரத்துக்கு நானே சரிசெய்து கொடுத்தேன்.

ரூபர்ட் நல்லவன். இதை எழுதிக்கொள்ளுங்கள், யாரும் என்னை அவன்மேல் வன்மம் கொண்டவன் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு தட்டின் உறையிலும் எனக்குத் தனியாக நன்றி போடச் சொன்னவன் அவன். புதிதாக ஏதாவது தோன்றினால் முதலில் என்னிடம்தான் முணுமுணுத்துக் காட்டுவான். "எப்படி இருக்கு? உன் காதுக்குத்தான் தெரியும்" என்பான். "பின்பாதி இழுக்குதுடா" என்பேன். இழுக்காது. ஆனாலும் போய் மாற்றிக்கொண்டு வருவான். அப்படி மூன்று நல்ல இடங்கள் கெட்டன. கெட்டது யாருக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அவன் கெடுத்து வாசித்தாலும் கைதட்டினார்கள்.

கூட்டுக்குரல் நாடாவில் ஓடியதால் அதோடு சேர்ந்து வாசிக்க ரூபர்ட் மட்டும் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வான். அதற்கான பெட்டியைக் கட்டியது நான். ஒலி ஓர் அளவுக்கு மேல் காதுக்குப் போய்விடாமல் தடுக்கும் சின்ன அமைப்பு ஒன்று உள்ளே இருந்தது. அதையும் வைத்தது நான்தான். ஆகவே அதைக் கழற்றி எடுக்கும்போது யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1975 ஜனவரியில் சுற்றுப்பயணம் கிளம்பினோம். பத்து வாரம், முப்பத்தோரு ஊர். ஒவ்வோர் ஊரிலும் அவன் காதுக்குப் போகும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். மிகக் கொஞ்சம். அவனுக்கே தெரியாது. நான்காவது வாரம் கார்டிஃபில் ஒத்திகையின்போது மேடையிலிருந்து கைகாட்டினான்.

"நெவ், கூட்டுக்குரல் சரியா கேக்க மாட்டேங்குது. காதுல இன்னும் கொஞ்சம் குடுடா."

கொடுத்தேன். அதற்குப் பிறகு அவனேதான் கேட்டான். ஒவ்வோர் ஊரிலும் கேட்டான். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், பெரும்பகுதி அவன் கேட்டு நான் கொடுத்தது. கேட்டதைக் கொடுப்பதுதானே ஒலி அமைப்பாளனின் வேலை.

லீட்ஸ் போகும் வழியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, "காதுக்குள்ள ஒரு கொசு நிக்காம கத்துதுடா. உனக்கும் இருக்கா?" என்றான்.

"எல்லாருக்கும் இருக்கு. டூர் முடிஞ்சா போயிடும்."

"மாரியன் லண்டன்ல ஒரு காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கா. வர செவ்வாக்கிழம."

மாரியன் அவனைக் கட்டிக்கொள்ளப்போகிறவள். செவ்வாய்க்கிழமை காலை ஒலிச் சோதனை இருப்பதாக நான் எல்லோருக்கும் சொன்னேன். வழக்கமாக மாலையில்தான் வைப்போம். அரங்கம் எதிரொலிக்கிறது, முன்னாடியே பார்த்தாக வேண்டும் என்றேன். "நெவ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ரூபர்ட்டே மற்றவர்களைச் சமாதானப்படுத்தினான். டாக்டரிடம் போகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு. கச்சேரி இல்லை. விடுதி அறையில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலை வரை எழுதினேன். ஐந்து பக்கம். வரிக்கோட்டுத் தாளில், மையில். ரூபர்ட் அந்த இடத்தில் ஒவ்வோர் ஊரிலும் மனம்போனபடி ஏதாவது வாசிப்பான். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த இடம் எதைக் கேட்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அவசரமே இல்லாமல், தண்ணீர் பின்வாங்குவதுபோல, இடது கை சற்றே பின்தங்கி வர வேண்டும். அவன் கை எப்போதும் தாளத்துக்கு முன்னால் ஓடும். அதைத்தான் எல்லோரும் மேதைமை என்றார்கள்.

நாரிச்சில் கேமராக்கள் வந்திருந்தன. கூட்டம் நிரம்பியிருந்தது. பதினோரு நிமிடம் நாற்பது வினாடி. கூட்டுக்குரல் நின்றது. ரூபர்ட் கைகளைத் தூக்கினான். நான் ஒரு விசையை அழுத்தினேன். மூன்று வினாடி, ஒரே ஸ்வரம், மிக உயரத்தில். அரங்கில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்ஃபோனில் அது ஒரு வசதி.

அவன் கத்தவில்லை. நான் கத்துவான் என்று நினைத்திருந்தேன். மெல்லக் கழற்றினான், வைத்தான், கைகளை மடியில் போட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்து நான் நிற்கும் திசையைப் பார்த்தான். விளக்கு முகத்தில் அடிக்கும்போது மேடையிலிருந்து என் மேசை தெரியாது. ஆனாலும் பார்த்தான். ஏதோ பழுது, நெவ் சரிசெய்துவிடுவான் என்று நினைத்திருப்பான்.

டெரெக்கும் தாளக்காரனும் நிறுத்தாமல் வாசித்தார்கள். அவன் வேண்டுமென்றே இடம் விடுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். கூட்டமும் அப்படித்தான் நினைத்தது. நான்கு நிமிடம் அவன் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததற்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். உட்காருவதற்குக்கூட அவனுக்குக் கைதட்டல்.

இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சத்தையும் இரைச்சல் எடுத்துக்கொண்டது. பத்து வாரச் சத்தத்தில் நரம்பு தேய்ந்துபோயிருக்கிறது, ஒருநாள் திடீரென்று விட்டுவிட்டது என்றார்கள் மருத்துவர்கள். "இந்தப் பசங்க கேட்டாத்தான" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ரூபர்ட்டுக்கு இருபத்துமூன்று வயது. மாரியன் ஒரு வருடம் இருந்தாள். பிறகு போய்விட்டாள்.

கச்சேரி முடிந்து நான்கு நாள் கழித்து நான் தனியாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், ஐந்து பக்கத்தையும் வாசித்தேன். ஒரே தடவை. பிசிறில்லை. பெட்டியில் ஷெஃபீல்டு என்று எழுதினேன். டெரெக் வந்து அதை ஓடவிட்டுக் கேட்டான். முடியும்வரை அசையாமல் நின்றான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"இப்படி இனிமே எவன்டா வாசிப்பான், நெவ்? முடிஞ்சு போச்சேடா."

அவன் தோளில் கைவைத்தேன். அந்த மதுக்கடையில் அவன் என் தோளில் வைத்ததுபோலத்தான்.

தட்டு வெளிவந்தது. உங்களுக்குத் தெரியாது, அந்த வருடம் அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி எழுதாத இசைப் பத்திரிகை இல்லை. ஒரு விமர்சகர், ரூபர்ட் ஃபென்விக் கடைசியில் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதினார். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நான் எழுதி, நான் வாசித்து, நானே கலந்து அனுப்பியது. அதையும் அவனே எடுத்துக்கொண்டான். காதில்லாமலேயே எடுத்துக்கொண்டான்.

அவன் நார்ஃபோக் கரையில் தன் அக்கா வீட்டோடு இருந்தான். செடிகள் வளர்த்து விற்றான். வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அவனைப் பார்க்க அவ்வளவு சீராகப் போன பழைய ஆள் நான் ஒருவன்தான். அவன் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். மிகவும் சத்தமாகப் பேசுவான். நான் தாளில் எழுதிக் காட்டுவேன், சில சமயம் உதட்டைப் படிப்பான்.

ஒரு கோடையில், இப்போதிலிருந்து பதினைந்து வருடம் முன்பு இருக்கும், அந்தத் தட்டை ஓடவிட்டு ஒலிப்பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான். நான்கு நிமிடம் இருபது வினாடியும் கையை எடுக்கவில்லை.

"ஷெஃபீல்டுல நான் இத வாசிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல, நெவ்."

நான் தோளைக் குலுக்கினேன்.

"இடது கை பின்னாடியே வருதுடா. என் கை அப்படி வராது. சபையில வாசிச்சவன் கை இது." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. சிரித்தான். "நீயா?"

உளறாதே என்று தாளில் எழுதிக் காட்டினேன். அதைப் படித்துவிட்டும் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்படி வாசிக்க முடியும்னா ஏன்டா அப்பவே சொல்லல? நான் எழுந்து உன்ன உக்கார வெச்சிருப்பேனே."

திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. சந்தோஷத்தில். உலகத்தில் ஒருவன் அதை என்னுடையது என்று கண்டுகொண்டான். அதுவும் கையால். அவனைவிடத் தகுதியான விமர்சகன் யார் இருக்கிறான்?

சென்ற பிப்ரவரியில் அவன் இறந்தான். இதயம். அதில் எனக்குச் சம்பந்தமில்லை. தேவாலயத்தில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன் அவன் வாசித்தது என்று சொல்லி என் நான்கு நிமிடத்தை ஒலிக்கவிட்டார்கள். முன்வரிசையில் அவன் அக்கா குலுங்கி அழுதாள். முன்பின் தெரியாத ரசிகர்கள் வெளியே மழையில் நின்று அழுதார்கள். எல்லோரும் என் இசைக்குத்தான் அழுதார்கள், ஆனால் பெட்டியைப் பார்த்து அழுதார்கள். எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று முன்பெஞ்சைப் பிடித்தேன். பக்கத்திலிருந்த டெரெக் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "தெரியும்டா, தாங்க முடியல" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இதெல்லாம் ஆனபிறகு அந்தப் பெண் வந்து ஷெஃபீல்டு என்று அச்சில் போட்டுவிடலாமா என்று கேட்டால், நீங்களே சொல்லுங்கள், மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

நான் வாசித்தது என்று சொன்னதும் ஜோனா நம்பவில்லை. மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கண்ணில் தெரிந்தது. வயதானவர்கள் இப்படிச் சொல்லிக்கொள்வதை நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"ஏதாவது ஆதாரம் இருக்கா, மிஸ்டர் தாக்ரே?"

மாடிக்குப் போய் அந்த ஐந்து பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். கணினியில் ஓடவிட்டு, விரலால் ஒவ்வொரு ஸ்வரமாகத் தொடர்ந்துகொண்டே வந்தார். கடைசிப் பக்கம் வரும்போது முகம் மாறியிருந்தது. நம்பிவிட்டார். முப்பத்துமூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த இரண்டாவது ஆள். மிகவும் நிறைவாக இருந்தது.

அதன்பிறகுதான் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். மேல் ஓரத்தில் நான் தேதி போட்டிருந்தேன். மார்ச் 9. அதன் கீழே சின்னதாக: 'அவன் நிறுத்திய பின், 11.40.'

"கச்சேரி பதினாலாம் தேதி," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவர் நிறுத்தப்போறார்னு உங்களுக்கு ஒன்பதாம் தேதியே எப்படித் தெரியும்?"

அவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். கொடுக்கும் முன்பே யோசித்தேன். அந்தத் தேதி இல்லாவிட்டால், தட்டைக் கேட்டு எழுதிக்கொண்டான் என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தேதிதான் அது என்னுடையது என்பதற்குச் சாட்சி. ஆகவே அவரிடம் சொன்னேன், இப்போது உங்களிடம் சொல்கிறேன். ரூபர்ட் ஃபென்விக்கின் காதுகளைப் பத்து வாரம் திட்டமிட்டு நான்தான் அழித்தேன். தெரிந்தே செய்தேன். விபத்து இல்லை. தூண்டியவர் யாரும் இல்லை.

பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் சொல், இருக்கட்டும். நான் அவனோடு ஒருநாளும் போட்டி போட்டதில்லை. அவனுக்கு உரியது எதையும் நான் கேட்கவில்லை. என் மனதில் அவன்மேல் இப்போது எதுவும் இல்லை.

வாசித்துக் காட்டியதற்கு நன்றி. எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு பிழை. 'ஃபென்விக்கின் தனிவாசிப்பின்போது' என்று எழுதிவிட்டீர்கள். அந்தப் பெயரை மட்டும் அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.